கேட்காமல் சொன்ன பதில்

இன்னாசி,

உன் கடிதத்தை ஏழு தடவை வாசித்துவிட்டேன். ஏழு தடவையும் இரண்டாம் பக்கத்தின் நடுவில் வழி தவறிப் போனேன். தமிழில் தொடங்குகிறாய், உன் இயந்திரம் வந்ததும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறாய். அந்த ஆங்கிலத்தில் குற்றம் ஒன்றுமில்லை. மூன்று இடங்களில் காற்புள்ளி வேண்டாதது, அவ்வளவுதான். ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாக எனக்கு விளங்குகிறது. சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை. நீ திருச்சியில் விடுதியில் படித்த நாளில் உன் கடிதங்களைச் சிவப்பு மையில் திருத்தி உனக்கே திருப்பி அனுப்பினவள் நான். அதை மறக்காமல்தான், இதைத் திருத்தி அனுப்பிவிடாதீர்கள் அம்மா என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். திருத்துவதற்கு முதலில் புரிய வேண்டும் அல்லவா.

புரிந்த மட்டும் எழுதுகிறேன், தவறாக இருந்தால் சொல். இங்கிலாந்தில் நீ வேலை செய்யும் ரசாயனத் தொழிற்சாலையில் பெரிய கொப்பரைகள் இருக்கின்றன. அவற்றில் அறுபது வெப்பமானிகள் பொருத்தியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் அந்த அறுபதையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏதாவது ஒன்றில் சூடு எல்லையைத் தொட்டால், அதன் முன்னாலேயே நின்று, இன்னும் ஏறுகிறதா, இன்னும் ஏறுகிறதா என்று விடாமல் பார்த்து, மிஞ்சிப் போனால் மணி அடிக்க வேண்டும். அந்தக் கட்டளைகளை எழுதுவது நீ. நீ எழுதும் மொழி மனிதர் வாசிக்கக்கூடியது, ஆனால் இயந்திரத்துக்கு அது தெரியாது. நடுவில் கம்பைலர் என்று ஒரு மொழிபெயர்ப்பாளன் இருக்கிறான். அவனும் ஆள் இல்லை, அதுவும் கட்டளைகளால் ஆன ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில்தான் எனக்குத் தலை சுற்றத் தொடங்கியது. துளையிட்ட காகித நாடாவின் தொடக்கத்தில் நீ ஓர் எண்ணைக் குத்தி வைக்கிறாய். சுழி, அதாவது பூஜ்யம், என்று குத்தினால் அவன் நீ சொன்னதைச் சொன்னபடி பெயர்ப்பான். இரண்டு என்று குத்தினால் தன் சாமர்த்தியத்தைக் காட்டுவான். பயனற்றது என்று தோன்றும் வரியை எறிந்துவிடுவான், வரிசையை மாற்றுவான், ஒருமுறை கேட்ட விடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு மறுமுறை கேட்காமல் அதையே கொடுப்பான். அதனால் எல்லாம் மிக வேகமாக நடக்கும்.

சுழி வைத்தால் அறுபதைச் சுற்றி வர நேரமாகிவிடுகிறது, அதற்குள் ஒரு கொப்பரை எல்லை தாண்டிவிடக்கூடும். இரண்டு வைத்தால் சுற்று வேகமாக முடிகிறது. ஆனால் ஒரு வெப்பமானியை நீ தீயில் காட்டிச் சோதித்தபோது, அது ஏறிக்கொண்டே போக, இயந்திரம் பழைய அளவையே சொல்லிக்கொண்டு நின்றதாம். மொழிபெயர்ப்பாளன் பார்த்தானாம்: ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, நடுவில் இந்தக் கட்டளைகளில் யாரும் அந்த எண்ணை மாற்றவில்லை, பின் எதற்கு மறுபடி பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டானாம். எண்ணை மாற்றுவது வெளியே இருக்கும் நெருப்பு என்பது அவனுக்கு எப்படித் தெரியும் என்று அவனுக்காக நீயே வாதாடுகிறாய். உன் மேலாளர், அப்படி எல்லையைத் தொடுவது வருஷத்தில் ஒருமுறைகூட நடக்காது, வேகம்தான் முக்கியம், இரண்டிலேயே சோதித்துச் சரியாக இருக்கிறது என்று பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்கிறார். மாத முடிவுக்குள் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் ஒப்பந்தம் முடிந்து கப்பல் ஏற வேண்டியதுதான். இதையெல்லாம் நான்கு பக்கம் எழுதிவிட்டு, உங்களிடம் யோசனை கேட்கவில்லை அம்மா, சும்மா எழுதினேன் என்கிறாய். உன்னை முப்பது வருஷமாகத் தெரியும். நீ சும்மா எழுதுகிறவன் இல்லை.

இதை எனக்கு விளக்கிச் சொல்ல ஊரில் யார் இருக்கிறார்கள். எதிர்வீட்டில் குடியிருக்கும் சயின்ஸ் வாத்தியாரை அழைத்துக் காபி கொடுத்துக் கடிதத்தைக் காட்டினேன். அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மாவுக்கே இங்கிலீஸ் புரியலன்னா எனக்கு எங்கிட்டுப் புரியும்?"

"இங்கிலீஸ் புரியுது வாத்தியாரே. மிஷின்தான் புரியல. நீங்கதானே சயின்ஸ்."

"நான் நடத்துறது தவளையும் நெம்புகோலும். இதுல ரெண்டையுமே காணோமே."

அவரை விடவில்லை. அந்த மொழிபெயர்ப்பாளன் சங்கதியை மட்டும் தமிழில் எடுத்துச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "கெட்டிக்காரனாத்தான் தெரியிறான். ஒருக்கா பதில் வந்துருச்சு. அதே கேள்விய மறுக்கா கேக்குறது வெட்டி வேலைன்னு நெனைக்கிறான். நானா இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். அதுல என்னம்மா தப்பு?" என்றார்.

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். மனுஷன் பாவம், என்ன தவறாகச் சொன்னோம் என்று தெரியாமல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனார். அவர் தவறாக எதுவும் சொல்லவில்லை, இன்னாசி. நானும் அப்படித்தான் செய்தேன். அதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

நம் ஊரில் கன்னியர்கள் நடத்திய சின்ன மருந்தகம் உனக்கு நினைவிருக்கும். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததற்கு அடுத்த வருஷம் அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டர் சிஸ்டர் வந்தார். நல்ல கை, தமிழ் மட்டும் ஒரு சொல் தெரியாது. கான்வென்டில் படித்தவள் என்று பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினார். முதல் சில மாதங்கள் நான் சுழியில்தான் வேலை செய்தேன் என்று இப்போது சொல்லத் தோன்றுகிறது. ஆட்கள் பேசியதைப் பேசியபடி பெயர்த்தேன். தலைவலி எப்போது தொடங்கியது என்று கேட்டால், மாமியார் ஊர்த் திருவிழாவுக்கு வண்டி கட்டிப் போனதிலிருந்து தொடங்குவார்கள். வண்டி, மாடு, மாமியார், மாமியாரின் தங்கை எல்லோரையும் ஆங்கிலத்தில் கொண்டுபோய்ச் சிஸ்டர் முன்னால் நிறுத்துவேன். வாசலில் அரிமளம் பக்கத்திலிருந்தும் கறம்பக்குடிப் பக்கத்திலிருந்தும் நடந்து வந்த ஜனங்கள் காத்துக் கிடப்பார்கள். பொழுது சாய்ந்ததும் பாதிப் பேர் மருந்து வாங்காமல் திரும்பிப் போவார்கள். ஒரு நாள் அப்படித் திரும்பிப் போன ஒரு குழந்தை, காய்ச்சல் முற்றி வழியிலேயே கண்ணை மூடிவிட்டது. அதனால் மெதுவாகச் செய்வதுதான் நல்லது என்று மட்டும் என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். உன்னிடமும் நான் அதைச் சொல்லப்போவதில்லை.

பிறகு கற்றுக்கொண்டேன். மாமியாரை எறிந்தேன், மாட்டை எறிந்தேன். மூன்று தடவை சொன்னதை ஒரு தடவை பெயர்த்தேன். சிஸ்டர் கேட்கப்போகும் கேள்வி முன்கூட்டியே தெரிந்துவிடும், அதனால் அவர் வாய் திறக்கும் முன்பே ஆளைக் கேட்டு விடையைத் தயாராக வைத்திருப்பேன். உன் அப்பா ஒரு நாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "நீ பண்றது மொழிபெயர்ப்பா, தந்தி ஆபீஸா?" என்று சிரித்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இந்த அம்மா நின்றால் நான் இரண்டு மடங்கு பேரைப் பார்க்கிறேன் என்று சிஸ்டர் சாமியாரிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மாதம் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

அந்தக் காலத்தில்தான் அடைக்கலம் வந்தாள். குளத்தங்கரைத் தெருவில் இருக்கிறாளே, அவள்தான். அப்போது அவளுக்குப் பத்தொன்பது இருபது வயது, தலைப்பிரசவம், மாதம் நிறைந்திருந்தது. கால் வீங்கியிருந்தது, தலை வலிக்கிறது என்றாள். காலையில் சிஸ்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குழந்தை அசைகிறதா கேளுங்கள் என்றார். கேட்டேன். "துள்ளுதும்மா," என்று சிரித்தாள். அசைகிறது சிஸ்டர் என்றேன். அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு சிஸ்டர் மற்றவர்களைப் பார்க்கப் போனார். மத்தியானம் கூட்டம் நெரிந்தது. அரிவாள் பட்ட கை ஒன்று, பாம்பு கடித்த ஆள் ஒருவர். அதற்கு நடுவில் சிஸ்டர் அவளைக் கடந்து போகும்போது நின்று, குழந்தை இப்போதும் அசைகிறதா, மறுபடி கேளுங்கள் என்றார். நான் கட்டுத்துணி கிழித்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கம் திரும்பவில்லை. ஆமாம் சிஸ்டர், அசைகிறது என்று சொல்கிறாள் என்றேன். சிஸ்டர் போய்விட்டார். சாயங்காலம் அடைக்கலத்தை அவள் புருஷன் வண்டியில் அழைத்துக்கொண்டு போனான். மறுநாள் விடியும் முன் குழந்தை பிறந்தது. உயிர் இல்லை.

சிஸ்டர் என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அசைகிறது என்று அவள்தானே உங்களிடம் சொன்னாள்? ஆமாம் சிஸ்டர் என்றேன். அது பொய் இல்லை, காலையில் சொன்னாள். அந்த விடையைப் பிடித்துக்கொண்டுதான் இருபது வருஷம் ஓட்டியிருக்கிறேன். நான் கேட்டிருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது. மத்தியானமே எல்லாம் முடிந்திருக்கலாம். முடியாமலும் இருந்திருக்கலாம். சிஸ்டர் ஊர் திரும்பி அங்கேயே இறந்தும் போனார், இனிமேல் கேட்கவும் ஆள் இல்லை. சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் இதை அவசரப்பட்டேன் என்ற ஒரு சொல்லில் அடக்கி, மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லி முடித்தேன். அங்கேயும் சுருக்கிவிட்டேன், பார்.

வாத்தியார் போன பிறகு மூன்று நாள் உன் கடிதத்தைத் தொடவில்லை. நீ ஒரு இயந்திரத்தைப் பற்றிக் கேட்கிறாய், நான் பழங்கதையில் போய் விழுந்து கிடக்கிறேன், இரண்டும் ஒன்றுதானா, அல்லது வயதானவர்களுக்கு எல்லாமே தங்கள் கதையாகத் தெரிகிறதா என்று எனக்கே குழப்பம். நாலாம் நாள் குடையை எடுத்துக்கொண்டு குளத்தங்கரைத் தெருவுக்குப் போனேன். ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் பார்த்துத் தலையசைக்கிறவள்தான். அவள் வீட்டுக்கு அதுவரை போனதில்லை. முற்றத்தில் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க இங்கிலீசம்மா. இந்த வெயில்ல எங்க இங்கிட்டு?"

"ஒன்னப் பாக்கத்தான் வந்தேன் அடைக்கலம்."

"என்னையவா? நான் என்ன கலெக்டரா, குடை பிடிச்சுக்கிட்டு வந்து பாக்க? ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் வாக்கியம் அமைத்துக்கொண்டு வந்தது ஒன்றுகூட வாயில் வரவில்லை. "ஒன் மொதப் புள்ள விஷயம்," என்றேன். அவள் கை நின்றது. சொன்னேன். சிஸ்டர் இரண்டாம் தடவை கேட்கச் சொன்னதையும், நான் கேட்காமலே பதில் சொன்னதையும், இந்தத் தடவை சுருக்காமல் சொன்னேன். முடித்ததும் அவள் கடலையை எடுத்து மறுபடி உடைக்கத் தொடங்கினாள்.

"தெரியுமே," என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க என்னையக் கேக்கலன்னு. பெஞ்சிலதானம்மா ஒக்காந்திருந்தேன். சிஸ்டர் என் வயித்தக் கையக் காட்டி என்னமோ கேட்டாங்க. நீங்க துணியக் கிழிச்சுக்கிட்டே என்னமோ சொன்னீங்க. இங்கிலீஸ் தெரியாட்டி கண்ணுமா தெரியாது?"

"அப்ப புள்ள அசஞ்சுச்சா?"

"அப்பவே கொஞ்ச நேரமா அசையல. சொல்லத்தான் வாயெடுத்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்கதான் சொல்லிட்டீங்களே. படிச்சவுங்க, மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருப்பாங்கன்னு இருந்துட்டேன்."

இத்தனை வருஷமாக ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று எப்படியோ கேட்டுவிட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க ஏன் சொல்லல?" என்றாள். குரல் உயரவில்லை. கடலைத் தோலை ஊதித் தள்ளினாள். அடுத்த கடலையை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"அதுக்கப்புறம் நாலு பெத்தேன். நாலுக்கும் நீங்கதான் கூட நின்னீங்க. சிஸ்டர் ஒருக்கா கேட்டா, நீங்க எனக்கு நேரா குனிஞ்சு ரெண்டுக்கா கேப்பீங்க, இப்ப அசையுதா, இந்த நிமிசம் அசையுதான்னு. என்னைய மட்டுமில்ல, எல்லாப் புள்ளத்தாச்சியையும். மத்ததெல்லாம் பழையபடி தந்தி அடிப்பீங்க. என் மூட்டு வலிய ஒரு வார்த்தையில முடிச்சிருவீங்க. அத மட்டும் விட மாட்டீங்க. நாங்க பேசிக்கிருவோம், சிரிப்போம். எனக்கு மட்டும் ஏன்னு தெரியும்."

நான் அப்படிச் செய்தேன் என்று எனக்கு நினைவே இல்லை, இன்னாசி. யோசித்துப் பார்த்தால் செய்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் எழுந்தபோது என் முந்தானையில் ஒரு கை கடலையைப் போட்டு, "வறுத்துச் சாப்பிடுங்க," என்றாள்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை எட்டாம் தடவை வாசித்தேன். இப்போது எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அது உளறலாகவும் இருக்கலாம், உன் தொழிலில் அதற்கு ஏற்கெனவே ஒரு பெயரும் இருக்கலாம். சுழியா இரண்டா என்றே நீ எழுதுகிறாய். இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமா? அந்த மொழிபெயர்ப்பாளனிடம் இப்படிச் சொல்ல வழி இல்லையா: மற்ற எல்லாவற்றிலும் உன் சாமர்த்தியத்தைக் காட்டு, எறி, மாற்று, சுருக்கு, இந்த அறுபது வெப்பமானிகளின் அளவை மட்டும் ஒவ்வொரு முறையும் போய்ப் புதிதாகப் பார், உன் கையில் இருக்கும் பழைய விடை எவ்வளவு நல்ல விடையாக இருந்தாலும் அதைக் கொடுக்காதே என்று. எழுபது பேர் நின்ற வாசலில் அந்த ஒரு கேள்வியை இரண்டு தடவை கேட்டதால் யாரும் மருந்து வாங்காமல் திரும்பிப் போனதாக அடைக்கலம் சொல்லவில்லை. எனவே உன் வேகம் முழுவதும் போய்விடும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றுவதை நம்பலாமா என்பதும் தெரியவில்லை. அந்த மொழிபெயர்ப்பாளன் யாரோ எழுதினது. அப்படிச் சொல்ல அவனுக்குக் காது வைத்திருக்கிறார்களா என்று நீதான் பார்க்க வேண்டும். காது இல்லை என்றால் வைக்க எத்தனை நாள் பிடிக்கும் என்று உன் மேலாளரிடம் எழுதிக் கேள். வாயால் கேட்காதே, எழுதிக் கேள்.

அதுவரை அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே. இதில் மட்டும் எனக்குக் குழப்பம் இல்லை. அதில் நீ எழுதப்போவது பொய்யாக இருக்காது என்பது எனக்குத் தெரியும். சோதித்தாய், அறுபதையும் சுற்றி வந்தது, சூடு எல்லையைத் தொடாதவரை சரியாக இருந்தது; அந்த மட்டும் எல்லாம் உண்மை. அப்படிப்பட்ட உண்மையோடு இருபது வருஷம் ஞாயிற்றுக்கிழமை தோறும் தலையசைப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரிய வேண்டாம். அவர்கள் உன்னைக் கப்பலேற்றினால் வா. உனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று கோயில் வாசலில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருக்கிறேன். ஆகவில்லை என்று அதே வாசலில் நின்று நானே சொல்லிக்கொள்கிறேன்; அது உன் கவலை இல்லை.

இந்தக் கடிதம் வருவதற்குள் கையெழுத்துப் போட்டிருந்தாயானால், ஒன்று செய். அந்தக் கொப்பரைகளின் பக்கத்தில் முறைவேலை பார்க்கும் ஆட்கள் இருப்பார்கள். அவர்களிடம் போய், மணி அடிக்காவிட்டாலும் வெப்பமானியை நீங்கள் கண்ணால் பாருங்கள் என்று சொல். சொல்லிவிட்டு அவர்கள் பெயரைக் கேட்டு எனக்கு எழுது. ஜெபத்தில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல வேண்டும்.

உன் அம்மா